அப்பார்ட்மென்ட் மின்சார ஆலோசனைக் குழு: கூட்டம் எப்படி நடத்துவது, பணத்தை முதலில் எதில் போடுவது?

பிளாக்‌இரண்டு கேட்டது:

வணக்கம். சென்னையில் 96 வீடுகள் கொண்ட குடியிருப்பு. ஸ்டில்ட்டுக்கு மேல் 5 மாடி, இரண்டு பிளாக். 4 லிஃப்ட், 5 எச்.பி. போர் மோட்டார், சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டார்கள், 45 கிலோலிட்டர் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்), 125 கேவிஏ ஜெனரேட்டர். வராந்தா, படிக்கட்டு, பார்க்கிங் எல்லாம் சேர்த்து 180 டியூப்லைட். எல்லாமே 20 வாட் எல்.இ.டி.க்கு மாற்றியாகிவிட்டது.

பொது உபயோகத்துக்கு மூன்று ஈ.பி. சர்வீஸ். மூன்றும் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 10,500 யூனிட் ஓடுகிறது. யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், தவிர கிலோவாட்டுக்கு நிலைக்கட்டணம்.

போன பொதுக்குழுவில் ஐந்து பேர் கொண்ட ஆலோசனைக் குழு போட்டிருக்கிறோம். கார்பஸிலிருந்து (சங்கத்தின் சேமிப்பு நிதி) 12 லட்சம் வரை பரிந்துரைக்கலாம் என்று தீர்மானம். ஒருவர் சோலார் என்கிறார், ஒருவர் வராந்தா விளக்குக்கு சென்சார் என்கிறார், இன்னொருவர் மோட்டார்களை மாற்றலாம் என்கிறார். குழு எத்தனை நாளுக்கு ஒருமுறை கூட வேண்டும், கூட்டத்தில் எதைப் பேச வேண்டும், அதிகாரம் எதுவரை, எந்த வேலை முதலில்? விவரமாகச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கூட்டம் பற்றி நான் சொல்கிறேன், மோட்டார் விஷயத்தை மற்றவர்கள் சொல்வார்கள்.

மாதாமாதம் கூட வேண்டாம். ஈ.பி. ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. ரீடிங் எடுத்த ஏழாம் நாள் அல்லது பத்தாம் நாள் என்று கூட்டத்தை அதோடு கட்டிவிடுங்கள். வருடத்துக்கு ஆறு கூட்டம், ஆறிலும் புது எண்கள் மேஜையில் இருக்கும். இடையில் கூடும் கூட்டத்தில் பேச எண் இருக்காது, அபிப்பிராயம்தான் இருக்கும். அபிப்பிராயம் மட்டும் பேசும் குழு மூன்றாவது கூட்டத்தில் கலைந்துவிடும்.

ஐந்து பேர் யார் என்பதும் முக்கியம். பொருளாளர் கட்டாயம். பிளாக்குக்கு ஒருவர், மின்சாரம் தெரிந்தவர் ஒருவர், வாடகைக்கு இருப்பவர் ஒருவர். வாடகைதாரருக்கு அசோசியேஷனில் ஓட்டு இல்லாமல் போகலாம். ஆனால் ஆலோசனைக் குழுவில் உட்கார பொதுவாகத் தடை இருக்காது, பைலாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் நிற்பதும் தண்ணீர் வராததும் அவர்களையும்தான் பாதிக்கிறது. ஃபெசிலிட்டி மேனேஜரையும் எலக்ட்ரீஷியனையும் அழைப்பாளராக உட்கார வையுங்கள், ஓட்டு வேண்டாம். குறைந்தது மூன்று பேர் இருந்தால்தான் கூட்டம். குழுவில் யாராவது சோலார், கேபிள், பம்ப் வியாபாரத்தில் இருந்தால், அல்லது கொட்டேஷன் கொடுப்பவர் அவருக்கு உறவு என்றால், முதலிலேயே சொல்லி மினிட்ஸில் ஏற்றிவிட வேண்டும். அந்த விஷயம் முடிவாகும்போது அவர் வெளியே இருக்க வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டால், பின்னால் ஒருவரைக் குறிவைத்துக் கேட்பதுபோல் ஆகாது.

அதிகாரம்: பெயரே ஆலோசனைக் குழு. செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைக் கேட்காதீர்கள். ஒரு படிநிலை வையுங்கள். 10,000 ரூபாய் வரை குழு சொன்னால் செயலாளர் மெயின்டனன்ஸிலிருந்து செய்யலாம். ஒரு லட்சம் வரை நிர்வாகக் குழு. அதற்கு மேல் பொதுக்குழு. தொகையை உங்கள் பட்ஜெட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், ஆனால் படி இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். மோட்டார் பேனலில் கருகிப்போன கான்டாக்டர் (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) ஒன்றை மாற்றுவதற்குக் கூட பொதுக்குழுவுக்குக் காத்திருக்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

கூட்டம் ஒரு மணி நேரம். முதல் பத்து நிமிடம் எண்கள்: மூன்று சர்வீஸின் யூனிட், போன வருடம் இதே இரண்டு மாதம் எவ்வளவு, டீசல் லிட்டர், ஜெனரேட்டர் ஓடிய மணி. போன பில்லோடு ஒப்பிடாதீர்கள். மே மாதத்தையும் டிசம்பரையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து ஒரு பயனும் இல்லை. அடுத்த பத்து நிமிடம் நிலுவை வேலைகள். மீதி நேரம் முழுக்க ஒரே ஒரு முடிவு, இரண்டு அல்ல. நிகழ்ச்சி நிரல் ஐந்து நாள் முன்னதாகப் போக வேண்டும். ஒவ்வொரு வரியிலும் "முடிவு வேண்டும்" அல்லது "தகவல்" என்று எழுதியிருக்க வேண்டும். கொட்டேஷனைக் கூட்டத்தில் முதல்முறையாகக் காட்டினால் அதன் மேல் முடிவெடுக்காதீர்கள்.

மினிட்ஸ் 48 மணி நேரத்துக்குள் போக வேண்டும். என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், எவ்வளவு ரூபாய், இந்த நான்கும் போதும். கூடவே, எதை வேண்டாம் என்று தள்ளினோம், ஏன் என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். இதை யாரும் செய்வதில்லை. அடுத்த வருடம் வரும் குழு அதே விற்பனையாளரை அழைத்து அதே டெமோவைப் பார்ப்பது இதனால்தான். வாட்ஸாப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் அங்கே எடுத்த முடிவு முடிவாகாது என்று எழுதி வையுங்கள்.

மூன்றுஃபேஸ் எழுதியது:

சோலாரா சென்சாரா என்ற சண்டைக்கு முன்னால் உங்கள் 10,500 யூனிட் எங்கே போகிறது என்று பார்ப்போம். ஒரு நாளைக்கு 175 யூனிட். நீங்கள் சொன்ன உபகரணங்களை வைத்து ஒரு தோராயக் கணக்கு:

விளக்கு 180 × 20 வாட் × 12 மணி = 43 யூனிட். லிஃப்ட் நான்கும் சேர்ந்து 40 பக்கம். போர் மோட்டார் நான்கு மணி நேரம் ஓடினால் 16 முதல் 18. மேல்தொட்டிக்கு ஏற்றுவது: வீட்டுக்கு மூன்றரைப் பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளைக்கு 45 கிலோலிட்டர், 24 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற கணக்குப்படி 3 யூனிட் போதும், மோட்டாரும் பம்பும் சேர்ந்த திறன் 40 சதவீதம் என்று வைத்தால் ஏழரை யூனிட். மீதி 65, 70 யூனிட் எஸ்.டி.பி.யில் போகிறது. அதிலும் பெரும்பங்கு, கழிவுநீருக்குள் காற்றடிக்கும் ஏர் ப்ளோயர். 3 கிலோவாட் இழுத்து 20 மணி நேரம் ஓடினால் அது மட்டுமே 60.

ஆக, மேல்தொட்டி மோட்டாரை மாற்றுவது கடைசி வேலை. சென்சார் நல்லதுதான், ஆனால் நள்ளிரவுக்கு மேல்தான் மிச்சம். நாளைக்கு 15 யூனிட் வந்தால் பெரிது. யாரும் போய்ப் பார்க்காத எஸ்.டி.பி. அறைதான் உங்கள் பில்லில் பெரிய ஆள்.

இது என் கணக்கு. நீங்கள் இதை நம்ப வேண்டாம், மீட்டர் வையுங்கள். எஸ்.டி.பி. பேனல், பம்ப் பேனல், லிஃப்ட், விளக்கு என நான்கு த்ரீ ஃபேஸ் சப்மீட்டர். செக்யூரிட்டி தினமும் காலை ஒரே நேரத்தில் ரீடிங் எழுதட்டும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும்: சி.டி. (கேபிளில் ஓடும் கரண்ட்டை அளக்க மாட்டும் வளையம்) வைத்த மீட்டரில் ஒரு ஃபேஸின் சி.டி.யைத் தலைகீழாக மாட்டிவிடுவார்கள். லோடு சமமாக இருந்தால், இரண்டு ஃபேஸ் கூட்டி ஒன்று கழிந்து, உண்மையில் மூன்றில் ஒரு பங்குதான் காட்டும். "எஸ்.டி.பி. ஒன்றும் அதிகம் இழுக்கவில்லையே" என்று குழு முடிவு செய்துவிடும். மாட்டிய அன்றே, ஒவ்வொரு சர்வீஸிலும் இருக்கும் சப்மீட்டர்களைக் கூட்டி அந்த சர்வீஸின் ஈ.பி. மீட்டரோடு ஒப்பிடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் வயரிங்கைப் பாருங்கள்.

ப்ளோயரைக் குறைப்பது எப்படி: ஏரேஷன் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால் போதும். கையில் பிடிக்கும் மீட்டரால் காலை, மதியம், இரவு அளந்து பாருங்கள். 4, 5 என்று காட்டினால் வீணாகக் காற்றடிக்கிறீர்கள். வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போட்டு 50 ஹெர்ட்ஸிலிருந்து 38க்கு இறக்கலாம். விற்க வருபவர் "மின்சாரம் வேகத்தின் மும்மடி (கியூப்) கணக்கில் குறையும்" என்று சொல்வார். அது ஃபேனுக்கும் சென்ட்ரிஃப்யூகல் பம்புக்கும் பொருந்தும். எஸ்.டி.பி.யில் பெரும்பாலும் இருப்பது ட்வின் லோப் ப்ளோயர், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு காற்றைத் தள்ளும் வகை. அதில் வேகம் எவ்வளவு குறைகிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான் மின்சாரமும் குறையும். 38 ஹெர்ட்ஸில் 24 சதவீதம், நாளைக்கு 14 யூனிட். அதுவே வருடத்துக்கு 5,000 யூனிட். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாதீர்கள், மோட்டாரின் சொந்த விசிறி காற்று போதாமல் சூடேறும். ப்ளோயரை மணிக்கணக்கில் நிறுத்திவைப்பதும் வேண்டாம். பாக்டீரியா செத்து நாற்றம் கிளம்பினால் மீண்டும் சரியாக வாரக்கணக்கில் ஆகும்.

ஆக்சிஜன் 1க்குக் கீழே இருக்கிறது, ஆனால் ப்ளோயர் முழு வேகத்தில் ஓடுகிறது என்றால் டிஃப்யூசர் (தொட்டிக்குள் காற்றைக் குமிழிகளாக விடும் பாகம்) அடைத்திருக்கிறது. ப்ளோயரின் பிரஷர் கேஜ் புதிதில் காட்டியதைவிட அதிகம் காட்டும். அப்போது முதல் செலவு டிஃப்யூசர்தான்.

மேல்தொட்டி எழுதியது:

மேலே சொன்ன வரிசையோடு எனக்கு ஒரு இடத்தில் கருத்து வேறுபாடு. முதலில் மின் உபயோகத்தைக் குறைத்து, அதன் பிறகுதான் சோலார் என்பது சரி. ஆனால் சோலாருக்கான காகித வேலையை இப்போதே தொடங்குங்கள். மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொது உபயோகத்துக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. திட்டக்காலம் 2026-27 நிதியாண்டு வரைதான். மானியம் வேண்டும் என்றால் பேனல் இந்தியாவில் செய்த செல்லோடு இருக்க வேண்டும், கொட்டேஷனில் அதை எழுதி வாங்குங்கள். தனி வீட்டுக்கான 78,000 ரூபாய் உச்சவரம்பு வேறு கணக்கு. பொதுக்குழுவில் இரண்டையும் குழப்பிப் பேசுவார்கள்.

அளவு: சென்னையில் ஒரு கிலோவாட் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும், நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். 25 கிலோவாட் என்றால் 2,500 சதுர அடி, இரண்டு மாதத்துக்கு 6,000 யூனிட், மானியம் நாலரை லட்சம். அவசரப்பட்டு ஆர்டர் போட வேண்டாம். ஒவ்வொரு சர்வீஸிலும் அதன் சாங்ஷன் லோடுக்கு (ஈ.பி. அனுமதித்த கிலோவாட்) மேல் சோலார் வைக்க அனுமதி கிடையாது. உங்களுக்கு மூன்று சர்வீஸ். எஸ்.டி.பி. எந்த சர்வீஸில் இருக்கிறதோ அதில்தான் பகலில் தொடர்ந்து லோடு இருக்கும், சோலார் அங்கே போவதுதான் லாபம். விளக்கு மட்டும் இருக்கும் சர்வீஸில் பகலில் வருவது முழுக்க ஈ.பி.க்குத்தான் போகும். அந்த யூனிட்டை எப்படிக் கழிப்பார்கள், என்ன விலை என்பதை விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்று கொட்டேஷன் வாங்கினால் மட்டும் போதாது, மூன்றும் ஒரே ஸ்பெசிஃபிகேஷனுக்கு இருக்க வேண்டும். குழு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: பேனல் வகையும் வாட்டும், இன்வெர்ட்டர் வாரண்டி எத்தனை வருடம், ஸ்ட்ரக்சர் ஹாட் டிப் கால்வனைஸ்டா (துருப்பிடிக்காமல் துத்தநாகத்தில் முக்கியதா), கேபிள் அளவு, எர்த் பிட் (எர்த்திங் குழி) எத்தனை, இடிதாங்கி, ஐந்து வருடப் பராமரிப்பு. சென்னைக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டுமானத் தரநிலையில் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். ஸ்ட்ரக்சர் அதற்குத் தாங்கும் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்திட்ட வரைபடம் இல்லாமல் வேலையைத் தொடங்க விடாதீர்கள். 2016 வர்தா புயலை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங்கை முதலில் முடியுங்கள். பேனல் போட்ட பிறகு மேல்மாடி வீட்டில் ஒழுகினால், பழி எல்லாம் சோலார் மேல் விழும், சரிசெய்யவும் பேனலைக் கழற்ற வேண்டும்.

ஜெனரேட்டர் விஷயம்: ஈ.பி. லைனோடு இணைந்து ஓடும் ஆன்கிரிட் சோலார் இன்வெர்ட்டர், கரண்ட் போனால் நின்றுவிடும். ஆனால் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் அதையே கிரிட் என்று நினைத்து மீண்டும் ஓடத் தொடங்கும். லோடு குறைவாக இருந்தால் சோலார் கரண்ட், ஜெனரேட்டரின் ஆல்டர்னேட்டருக்குள் திரும்பிப் போகும். ஜெனரேட்டர் பக்கம் இருக்கும்போது சோலாரைப் பிரித்துவிடும் இன்டர்லாக் கட்டாயம், கொட்டேஷனில் தனி வரியாகக் கேளுங்கள். 125 கேவிஏ மெஷினைப் பொது லோடுக்கு மட்டும் ஓட்டினால் 30 சதவீதம் கூட ஏறாது, டீசல் முழுதாக எரியாமல் சைலன்சரில் எண்ணெய் கசியும். லிட்டருக்கு 3 யூனிட்டுக்குக் கீழே வந்தால் அதுதான் அறிகுறி. உங்கள் கூட்டத் தாளில் அந்த எண்ணும் இருக்கட்டும்.

பிளாக்‌இரண்டு:

மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி. எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் பார்க்கிங்கில் பொது இணைப்பிலிருந்து பாயின்ட் கேட்கிறார்கள். இப்போது நான்கு கார். இதையும் 12 லட்சத்தில் சேர்க்கலாமா? வருடத்தில் எந்த வேலையை எப்போது வைப்பது?

கணக்குப்பிள்ளை:

நாள்காட்டி என்றால் இப்படி வைக்கலாம். எர்த் பிட் அளப்பது ஏப்ரல், மே. மண் காய்ந்திருக்கும்போது வரும் ஓம் கணக்குதான் உண்மையானது. ஜெனரேட்டர் சர்வீஸ், சம்ப் பம்ப், பேனல் அறைக்குள் தண்ணீர் வரும் வழி எல்லாம் செப்டம்பருக்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன். மொட்டைமாடி வேலை ஜனவரி முதல் மே வரை. பட்ஜெட் பரிந்துரை பிப்ரவரிக் கூட்டத்தில். 12 லட்சத்தில் ஒன்றரை லட்சத்தைத் தொடாமல் வையுங்கள், லிஃப்ட் டிரைவ் அல்லது மோட்டார் காயில் போனால் அந்த வருடத் திட்டம் குலையாது.

மூன்றுஃபேஸ்:

கார் பாயின்ட்: அவரவர் வீட்டு மீட்டரிலிருந்து தனி கேபிள் இழுக்க முடிந்தால் அதுதான் சுத்தமான வழி, செலவும் அவருடையது. 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே ட்ரிப் ஆகும் 20 ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. (ஓவர்லோடுக்கும் மின்கசிவுக்கும் சேர்த்த பிரேக்கர்), 30 மீட்டர் தூரம் வரை 4 சதுர மில்லிமீட்டர் காப்பர். வீட்டு சாங்ஷன் லோடையும் அவர் ஏற்றிக்கொள்ள வேண்டும். எக்ஸ்டென்ஷன் போர்டில் சார்ஜ் செய்வதை இன்றே நிறுத்துங்கள், மணிக்கணக்கில் 15 ஆம்பியர் ஓடி பிளக் முனை உருகுவது அதில்தான்.

பொது இணைப்பில் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் இன்றைய நான்கு காரை வைத்துத் திட்டமிடாதீர்கள். 20 கார் இரவு எட்டு மணிக்கு 3.3 கிலோவாட் சார்ஜரைச் செருகினால் 66 கிலோவாட், உங்கள் பொது சர்வீஸ் தாங்காது. அதற்கு நான்காவதாகத் தனி சர்வீஸ், தனி சப்மீட்டர்கள், இரவு 11க்கு மேல் முறைவைத்து ஓடும் லோடு மேனேஜ்மென்ட் வேண்டும். இந்த 12 லட்சத்தில் சேர்க்காதீர்கள். சார்ஜ் செய்பவர்கள் வைப்புத்தொகை போட்டு நடத்தும் தனிக் கணக்காக ஒரு கூட்டத்துக்கு அந்த ஒரு விஷயத்தை மட்டும் வையுங்கள். அதற்கு முன் கேபிள் டிரே போகும் பாதையை மட்டும் இப்போதே வரைந்து, சோலார் கேபிள் இறங்கும்போது இரண்டுக்கும் சேர்த்து அகலமான டிரே போட்டுவிடுங்கள்.