பிட்கேர்னில் வெட்டிக்கொண்டார்கள், அட்டாவில் ஏன் வெட்டிக்கொள்ளவில்லை?

கடல்மணி:
ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்டால் மனிதன் மிருகமாகிவிடுவான் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1965 ஜூனில் பசிபிக் தீவு நாடான டோங்காவின் தலைநகர் நுகுவலோபாவில் ஆறு பள்ளி மாணவர்கள், ஒரு மீனவரின் படகைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். புயலில் பாயும் சுக்கானும் போயின. எட்டு நாள் மிதந்து அட்டா தீவில் ஒதுங்கினார்கள். 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியர் தன் படகில் அந்தப் பக்கம் வரும்வரை, சுமார் பதினைந்து மாதம் அங்கேதான். தோட்டம், சமையல், காவல் என்று இரண்டிரண்டு பேராக முறை வைத்துக்கொண்டார்கள். மூட்டிய தீயை அணையவிடவில்லை. சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கம் போய், கோபம் ஆறியபின் திரும்பி வர வேண்டும். ஒருவனுக்குக் கால் முறிந்தபோது குச்சி வைத்துக் கட்டி, அவன் வேலையையும் மற்றவர்களே பார்த்தார்கள். பாதித் தேங்காய் ஓட்டிலும் உடைந்த படகின் கம்பியிலும் ஒரு கிட்டார்கூட இருந்தது.

இப்போது பிட்கேர்ன், அதே பசிபிக்கில் இன்னொரு தீவு. 1789 ஏப்ரலில் பவுன்ட்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் கலகம் செய்தவர்களில் ஒன்பது பேர், ஃபிளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில், 1790 ஜனவரியில் அங்கே இறங்கினார்கள். கூடவே பசிபிக் தீவுகளைச் சேர்ந்த ஆறு பாலினேசிய ஆண்கள், பெண்கள், ஒரு கைக்குழந்தை. கப்பலைக் கொளுத்தினார்கள். பிறகு நிலத்தை ஒன்பது பங்கு போட்டார்கள். அந்த ஆறு பேருக்கு ஒரு பிடி மண் கிடையாது. பத்தாண்டு முடிவதற்குள் அந்த ஆறு பேரும் செத்தார்கள், ஒன்பதில் இரண்டே பேர் மிச்சம். கோளாறு மனித சுபாவத்தில் இல்லை, அந்தப் பங்கீட்டில்தான்.

செல்வா_நெல்லை:
மணி அண்ணே, ஒப்பிடுவதிலும் ஒரு நியாயம் வேண்டாமா? அட்டாவில் இருந்தது ஒரே பள்ளி, ஒரே மொழி, ஒரே சாமி கும்பிடும் ஆறு நண்பர்கள். அங்கே பிள்ளை பிறக்கவில்லை, சொத்து கைமாறவில்லை, கிழவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு தாள் மட்டும் எழுதியவனுக்கு மாநில முதலிடம் கொடுப்பீர்களா?

பிட்கேர்ன் இத்தனை ரத்தத்துக்குப் பிறகும் இன்றுவரை ஊராக இருக்கிறது, ஐம்பதுக்கும் குறைவான பேரோடு. ஊர் அமைத்தவர்கள் யார் என்று கேட்டால் நான் அவர்களைத்தான் சொல்வேன். சண்டைக்குக் காரணமும் உலகம் முழுக்கத் தெரிந்ததுதான்: பெண்கள் குறைவு, சாராயம் அதிகம்.

கடல்மணி:
சாராயத்தை இதில் இழுக்காதீர்கள் தம்பி, வருடம் இடிக்கிறது. ஸ்காட்லாந்தில் சாராய ஆலையில் வேலை பார்த்த மக்காய் என்ற கலகக்காரன், பிட்கேர்னில் விளையும் டி என்ற செடியின் இனிப்புக் கிழங்கைக் கப்பலின் செப்புப் பாத்திரத்தில் காய்ச்சி முதல் பாட்டில் இறக்கியது 1798இல். கிறிஸ்டியன் உட்பட ஐந்து வெள்ளையர்கள் ஒரே நாளில் கொல்லப்பட்டது 1793 செப்டம்பரில். மக்காய் போதையில் பாறையிலிருந்து குதித்துச் செத்தான், சரி. ஆனால் அது பின்கதை.

பெண் விவகாரமும் அதே பங்கீடுதான். வெள்ளையனுக்கு ஆளுக்கொரு பெண், மற்ற ஆறு பேருக்கும் சேர்த்து மூன்று பேர். வில்லியம்ஸ் என்ற கலகக்காரனின் மனைவி இறந்தாள். அவன் அந்த மூன்றிலும் ஒருத்தியை எடுத்துக்கொண்டான். எரியாமல் என்ன செய்யும்?

நந்தினி_ப:
"ஆளுக்கொரு பெண்", "எடுத்துக்கொண்டான்" என்று இரண்டு பேரும் பாத்திரக் கணக்குப் போல எழுதுகிறீர்கள். அந்தப் பெண்களை ஏற்றிக்கொண்டு தஹிதித் தீவிலிருந்து பவுன்ட்டி கிளம்பியது இரவில், நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு. கப்பலில் இருந்த பெண்களில் பலருக்கு எங்கே போகிறோம் என்றே தெரியாது. ஒருத்தி கடலில் குதித்து நீந்தித் திரும்பினாள். 1794இல் பெண்கள் சேர்ந்து தீவை விட்டுப் போகப் படகு கட்டினார்கள். ஜென்னி என்று அழைக்கப்பட்டவர் தன் வீட்டுப் பலகைகளையே பிடுங்கிக் கொடுத்தார். கடலில் இறக்கியதும் கவிழ்ந்தது. செல்வா சொல்லும் அந்த ஊரிலிருந்து, ஊர் அமைத்தவர்களே தப்பிக்கப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனாலும் மரப்பட்டையை அடித்துத் துணி செய்ததும், மண் அடுப்பில் ஈரப்பலா சுட்டதும், பிள்ளைகளை வளர்த்ததும் அவர்கள்தான். 1808இல் அமெரிக்கக் கப்பல் டோபாஸ் வந்து பார்த்தபோது உயிரோடிருந்த ஒரே கலகக்காரர் ஜான் ஆடம்ஸ். பைபிள் படித்து ஊரைத் திருத்திய மகான் என்று பேர் அவருக்குப் போனது.

பழைய_வாசகர்:
மணி, அட்டா வெறும் தீவு என்று நினைத்துப் பேசுகிறீர்களோ? அங்கே ஒரு கிராமம் இருந்தது. 1863இல் கிரேசியன் என்ற கப்பல் வந்து, பெருவின் ஆள்பிடி வியாபாரத்துக்காகச் சுமார் 144 பேரைப் பிடித்துக்கொண்டு போனது. மிச்சமிருந்தவர்களை டோங்கா மன்னர் எவா தீவுக்குக் குடிமாற்றினார். பையன்கள் சாப்பிட்ட வாழை, சேம்பு, கோழி எல்லாம் அந்த ஊர் விட்டுப்போனவை. சமைத்து வைத்த வீட்டில் நுழைந்ததுபோல என்று சொல்ல மாட்டேன், அவர்கள் பாடு அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் வெறுங்கையில் தொடங்கிய கதை அல்ல.

செல்வாவுக்கு: ஊர் நிலைத்தது என்பதே பெருமையா? 2004இல் அதே பிட்கேர்னில் சிறுமிகள் மீதான பாலியல் குற்றங்களுக்காக ஏழு ஆண்கள் மீது வழக்கு நடந்தது, ஆறு பேருக்குத் தண்டனை.

செல்வா_நெல்லை:
அதை மறைத்துப் பேச நான் வரவில்லை ஐயா. 1838லேயே பெண்களுக்கு ஓட்டுரிமையும் பிள்ளைகளுக்குக் கட்டாயப் படிப்பும் எழுதி வைத்த ஊரும் அதுதான். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பதினைந்து மாதக் கதையில் அதற்கு இடமே இல்லை என்பதுதான் என் வாதம். அண்ணன் பங்கீடு பங்கீடு என்கிறார். மீட்கப்பட்டுத் திரும்பிய பையன்களை முதலில் என்ன செய்தார்கள்? படகுக்காரர் புகாரில் போலீஸ் பிடித்து உள்ளே போட்டது. வார்னர் பணம் கட்டித்தான் வெளியே வந்தார்கள்.

கடல்மணி:
அது நுகுவலோபாவில் நடந்தது, அட்டாவில் இல்லை! நீங்களே எனக்குச் சாட்சி சொல்கிறீர்கள். பழைய வாசகர் சொன்ன கோழியும் சேம்பும் இருக்கட்டும். பங்கு போட நினைத்திருந்தால் அதையும் ஆறாகப் போட்டிருக்கலாம். போடவில்லையே.

நந்தினி_ப:
1794 படகைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜென்னி 1817இல் ஒரு கப்பலில் ஏறித் தஹிதிக்கே திரும்பிவிட்டார். அவர் சொன்ன விவரம் 1819இல் சிட்னி பத்திரிகையில் வந்தது. அதைப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு நிலப் பங்கீடு பேசலாம்.