6 கிலோ ஆளில்லா விமானத்துக்குப் பாராசூட்: என்ன அளவு?

கேள்வி: வாளையாறு பக்கம் பறக்கவிடுறோம். மொத்த எடை 6 கிலோ, பின்பக்க புரொப்பெல்லர். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்கணும். குடை எவ்வளவு பெருசு வேணும்ங்க?

பதில் 1: தட்டை வட்டக் குடைன்னா இழுவைக் குணகம் (குடை காத்தை எவ்வளவு தடுக்கும்ங்கிற எண்) 0.75 வெச்சுக்கங்க. பரப்பு சுமார் 5.5 சதுர மீட்டர், விட்டம் 2.6 மீட்டர் வரும். உச்சியில் சின்னத் துளை விடுங்க. இல்லாட்டி ஊசலாடிக்கிட்டே வந்து இறக்கை நுனி முதல்ல தரையில் அடிக்கும்.

பதில் 2: அளவு சரிங்க, ஆனா கெடுறது குடையைத் திறக்கிற வரிசையிலதான். முதல்ல மோட்டார் கட். புரொப்பெல்லர் நின்ன பிறகே குடைப் பெட்டியோட மூடி திறக்கணும். உங்களுக்குப் பின்பக்கம்ங்கிறதால கயிறு நேரா அதுலதான் போய்ச் சுத்தும். மூடியைத் திறக்கிற சர்வோவுக்கு (சின்ன மோட்டார்) தனி பேட்டரி கட்டாயம். மெயின் பேட்டரி செத்துத்தானே பாதி நேரம் குடையே தேவைப்படுது! வேகமா போறப்ப திறந்தா அதிர்ச்சியில் தையல் பிரியும். சிர்ரஸ் எஸ்ஆர்22-ங்கிற, பாராசூட் வெச்ச சின்ன விமானத்துல கயிறுகள் வழியா ஒரு வளையம் இறங்கி, குடை ஒரேயடியா விரியாம தடுக்கும். அதே உத்தி இங்கயும் செல்லும்.

பதில் 3: ஆடிக் காத்தை மறந்துடாதீங்க. பாலக்காட்டுக் கணவாயில் நொடிக்கு 10 மீட்டர் அடிச்சா, 60 மீட்டர் உயரத்தில் திறந்தது 120 மீட்டர் தள்ளித்தான் விழும். தரை தொட்டதும் குடையைக் கழட்டிவிட ஒரு கொக்கி வையுங்க, இல்லன்னா வரப்பு வரப்பா இழுத்துட்டுப் போகும். ஈரத்தோட மடிச்ச நைலான் ஒட்டிக்கும். நிழலில் உலர்த்தி மடிங்க.