ஊர்ப் பக்கத்துக்கு ஜஸ்டிஃபை வேண்டுமா?

உப்புவெளியான்:
ஊர்ச் செய்திப் பக்கத்துக்கு மாதிரி போட்ட அண்ணன், “இரண்டு ஓரமும் நேராக நின்றால்தான் லட்சணம், எல்லாவற்றையும் ஜஸ்டிஃபை செய்யுங்கள்” என்று நேற்று எழுதியதை வாசித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. நிலாவெளி பஸ்ஸில் நின்றபடி போனில் திறந்தேன். ‘துறைமுகத்திலிருந்து’ என்ற ஒரு சொல்லே பாதி வரியைப் பிடிக்கிறது. அடுத்த நீளச் சொல் கீழே போய்விட, மிஞ்சிய இரண்டு சொல்லையும் இழுத்து இரண்டு ஓரத்தில் ஒட்டுகிறது. நடுவில் ஓட்டை. தமிழில் உருபெல்லாம் சொல்லோடு ஒட்டியே வரும், சொல் நீளத்தான் செய்யும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

பழைய அச்சுக்காரன்:
தம்பி, நான் ஈய எழுத்துக் கோத்து வளர்ந்தவன். பத்திரிகை, கோயில் மலர், எல்லாம் இரண்டு ஓரமும் நேர்தான். பல் போன சீப்பு மாதிரி நிற்கிற பக்கத்தை ஊருக்குக் காட்ட மாட்டேன்.

உப்புவெளியான்:
அச்சில் வரி நிரம்பாவிட்டால் நீங்கள் கையாலே சொல்லை முறித்தீர்கள். போனில் யார் இருந்து முறிப்பது? இணையப் பக்கத்தை எல்லோரும் வாசிக்க வகைசெய்யும் விதித்தொகுப்பு, 2008இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0, அதில் விதி 1.4.8 பாருங்கள். ஜஸ்டிஃபை இல்லாமல், வரிக்கு 80 எழுத்துக்கு மேற்படாமல், பந்திக்குள் ஒன்றரை வரி இடைவெளியோடு வாசிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. ‘கீ’ மேலே சுழிக்கும், ‘பூ’ கீழே இறங்கும். அந்த ஒன்றரை நமக்குக் கட்டாயம்.

கன்னியா ஊற்று:
அது ஏஏஏ படி, அந்த விதித்தொகுப்பின் மூன்று படிகளில் உச்சப் படி. அதைச் சொல்லாமல் விட்டது சரியில்லை. சரி, பூசை நேரமும் மரண அறிவித்தலும் இருக்கிற வலப்பக்கப் பெட்டி போனில் அடியில் போய் விழுகிறதே, அதை ஏன் ஒருவரும் பேசவில்லை?

உப்புவெளியான்:
பெட்டியைப் பிறகு பார்ப்போம். எந்தப் படியானாலும் கண் மங்கிய ஆச்சிக்கு ஓட்டை ஓட்டைதான்.

பழைய அச்சுக்காரன்:
ஆச்சியின் கண்ணைப் பற்றி நீ பேசாதே. போன திருவிழா மலருக்கு பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினாய், திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்து. இரவிரவாக இருந்து யூனிகோடுக்கு மாற்றியது நான். தலைப்பிலும் ‘திருகோணமலை’. ‘க்’ எங்கே?

உப்புவெளியான்:
அரசாங்கப் பலகையில் அப்படித்தான் இருக்கிறது.

கன்னியா ஊற்று:
திருக்குறளுக்கு வருகிற ‘க்’ நம் ஊருக்கு வராதா? பலகையைப் பார்த்தா தமிழ் படிப்பது?

உப்புவெளியான்:
‘க்’ வந்தால் தலைப்பு போனில் இரண்டு வரியாக உடைகிறது, நான் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். பேச்சை மாற்றாதீர்கள். இடது ஓரம் மட்டும் நேர். இன்றிரவே அப்படி ஏற்றுகிறேன்.

பழைய அச்சுக்காரன்:
ஏற்று. கடவுச்சொல் என்னிடமும் இருக்கிறது. விடிய எழும்பி மாற்றுவேன்.

உப்புவெளியான்:
மாற்றுங்கள். திரும்பவும் இடது ஓரத்துக்கே கொண்டுவருவேன்.