ஓடும்போது ஏசி குளிர்கிறது, வண்டி நின்றால் வெறும் காற்று

வேளச்சேரிவாசி:
2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், திருகுகிற மேனுவல் ஏசி. ஈசிஆரில் 70, 80 வேகத்தில் போனால் விரல் விறைக்கிற அளவுக்குக் குளிர்கிறது. ஓஎம்ஆர் நெரிசலில் நின்றால் சில நிமிடங்களில் வெறும் காற்று, வண்டி நகர்ந்ததும் மறுபடி சரியாகிவிடுகிறது. பக்கத்துக் கடையில் பானட்டைக்கூடத் திறக்காமல் "கேஸ் கம்மி சார், அடிச்சிடலாம்" என்கிறார்கள். போன கோடையில்தான் அடித்தேன். கையில் மல்டிமீட்டர் இருக்கிறது, பிரஷர் கேஜ் இல்லை. வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

பத்துபன்னிரண்டு ஸ்பேனர்:
ஓடும்போது அவ்வளவு குளிர்கிறது என்றால் கம்ப்ரசர் வேலை செய்கிறது, அதை விட்டுவிடுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கண்டன்சரில்தான் கேஸ் சூட்டை வெளியே விட்டுத் திரவமாக வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பார்த்துக்கொள்ளும், நின்றுவிட்டால் ஃபேனை விட்டால் வேறு கதி இல்லை.

வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து ஏசியை முழுக்க வையுங்கள். "டக்" என்று கம்ப்ரசரின் கிளட்ச் ஒட்டும், அடுத்த சில விநாடிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் வேறெதையும் தேட வேண்டாம். சுற்றியும் குளிர் வரவில்லையென்றால் கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே காற்று சில்லென்று ஆனால் சூடு வெளியேறவில்லை என்று பொருள், பெரும்பாலும் கண்டன்சரின் மெல்லிய தகடுகளான ஃபின் இடுக்கில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கும், லேசான பைப் தண்ணீரில் கழுவலாம், பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்தால் ஃபின் மடங்கிவிடும். ஃபேன் பக்கம் கை விடாதீர்கள், இன்ஜினை அணைத்த பிறகும் சில வண்டிகளில் தானாகச் சுற்றும்.

திருச்சி டிரைவர்:
ஃபேனைப் பாருங்கள், சரி. ஆனால் கேஸை அப்படி ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன், கொஞ்சம் குறைந்தாலும் முதலில் ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போதுதான் தெரியும். கிளட்ச் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒட்டி ஒட்டி விடுகிறதா, பைப் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வருடத்தில் கேஸ் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அதை அடைக்காமல் அடிப்பது காசைக் காற்றில் விடுகிற வேலை. இன்னொன்று, எத்தனை கிராம் என்று பானட் அடியில் ஸ்டிக்கர் இருக்கும். அந்த எடைக்கு ஏற்றாமல் குத்துமதிப்பாக "டாப் அப்" செய்து அதிகமாகிவிட்டாலும் இதே தொந்தரவுதான் வரும், போன கோடையில் எடை போட்டார்களா?

ஆன்லைனில் கேன் வாங்கி நீங்களே அடிக்க மட்டும் கிளம்பிவிடாதீர்கள். ஏசி கேஸான ஆர்134ஏ மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு, தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

வேளச்சேரிவாசி:
எடை போட்ட மாதிரி ஞாபகம் இல்லை. இப்போது பார்த்தேன்: கிளட்ச் ஒட்டுகிறது, ஃபேன் அசையவில்லை. அப்படியே ஓடவிட்டால் இன்ஜின் சூடு ஏறினதும் ஒரே இரைச்சலாக முழு வேகத்தில் சுற்றுகிறது, அப்போது குளிரும் வருகிறது, கொஞ்ச நேரத்தில் ஃபேன் நின்றுவிடுகிறது. ஃபேன் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது.

பத்துபன்னிரண்டு ஸ்பேனர்:
அப்படியென்றால் மோட்டாருக்கு ஒன்றும் இல்லை, கேஸும் ஓரளவு இருக்கிறது. உங்கள் ஃபேனுக்கு இரண்டு வேகம், ஏசி போட்டால் வர வேண்டிய மெதுவான வேகம் செத்திருக்கிறது. ஃபியூஸ் பெட்டியில் அந்த மெதுவான வேகத்துக்கான சுவிட்சான லோ ஃபேன் ரிலேயை எடுத்துவிட்டு அதே எண் போட்ட இன்னொரு ரிலேயைச் செருகிப் பாருங்கள், பல வண்டிகளில் ஹார்ன் ரிலேயே பொருந்தும். அதற்கும் சுற்றவில்லையென்றால் ஃபேன் கூட்டிலேயே வேகத்தைக் குறைக்கிற ஒரு ரெசிஸ்டர் இருக்கும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு சாக்கெட்டைப் பிரித்து மீட்டரில் ஓம் பாருங்கள். மிகக் குறைந்த ஓம் காட்ட வேண்டும், ஓஎல் (அளவைத் தாண்டிவிட்டது) என்று வந்தால் ரெசிஸ்டர் அறுந்துவிட்டது. இந்த வயது வண்டிகளில் என் சந்தேகம் ரெசிஸ்டர் மேல்தான். தனியாகக் கிடைக்கிறதா, இல்லை முழு ஃபேன் அசெம்பிளியாகத்தான் தருவார்களா என்பது மாடலைப் பொறுத்தது, வாங்கும்முன் பார்ட் நம்பரைக் காட்டிக் கேளுங்கள்.

திருச்சி டிரைவர்:
ரெசிஸ்டர்தான் என்ற முடிவுக்கு நானும் வருகிறேன். மாற்றின பிறகும் ஐடிலில் குளிர் போதவில்லையென்றால் கேஸை முழுக்க எடுத்து, வேக்கம் போட்டு (உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி), ஸ்டிக்கரில் உள்ள எடைக்கே ஏற்றச் சொல்லுங்கள். அதுவரை நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏசியை அணைத்துவிடுங்கள்.