சேலைக் கடை சைட்டில் ஜப்பான் எழுத்து! அவசரம்

சுங்குடி_கடை: எங்கள் சைட்டை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள். கூகுளில் தேடினால் கடைப் பெயருக்குக் கீழே ஜப்பான் எழுத்து. தொட்டால் ஏதோ ஷூ கடைக்குப் போகிறது. பாஸ்வேர்டை மூன்று தடவை மாற்றிவிட்டேன். தீபாவளி ஆர்டர் வரும் நேரம். என்ன செய்வது?

ராத்திரி_ஷிப்ட்: சைட்டை எதில் கட்டினீர்கள், நாமே நடத்துகிற வேர்ட்பிரஸிலா, மாத வாடகைக்குக் கிடைக்கிற ஷாப்பிஃபையிலா? முகவரியை நேராக அடித்தாலும் ஷூ கடைதானா?

கரண்ட்_கட்: போனில் வைரஸ். எனக்கும் வந்தது, ரீசெட் செய்ததும் போய்விட்டது.

ராத்திரி_ஷிப்ட்: கூகுள் முடிவிலேயே ஜப்பான் எழுத்து என்கிறார். போன் என்ன செய்யும்?

மேகக்_கோட்டை: சைட்டுக்கு முன்னால் காவல் நிற்கிற கிளவுட்ஃபிளேர் போடுங்கள், இலவசம்தான். ஒருத்தனும் உள்ளே வர மாட்டான்.

பழைய_சர்வர்: திருடனை உள்ளே வைத்து வாசலைப் பூட்டச் சொல்கிறார். இந்த மாதம் இது நாலாவது இழை, தேடிப் படிக்க மட்டும் யாருக்கும் கை வராது. கூகுளுக்கு ஒரு பக்கம், கடைக்காரருக்கு வேறு பக்கம் காட்டுகிற பழைய வித்தை இது. அப்லோட்ஸ் ஃபோல்டரில் சேலைப் படம்தான் இருக்க வேண்டும். அங்கே .பிஎச்பி என்று முடிகிற புரோகிராம் ஃபைல் கிடந்தால் அதுதான் கள்ளச்சாவி, பாஸ்வேர்டை முப்பது தடவை மாற்றினாலும் வேலைக்காகாது. சைட் உரிமையாளர்களுக்குக் கூகுள் தருகிற சர்ச் கன்சோலில் உரிமையாளர் பட்டியலையும் பாருங்கள், ஹேக்கர்கள் தங்கள் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்வார்கள். தீம், அதாவது சைட்டின் தோற்றத்துக்கான ஃபைல்கள், காசு கொடுத்து வாங்கியதா?

சுங்குடி_கடை: வேர்ட்பிரஸ். நேராக அடித்தால் சரியாக வருகிறது. தீம் தம்பியின் நண்பர் கொடுத்தது.

பழைய_சர்வர்: கொடுத்தாராம்! ஓசித் தீமோடு திருடனும் வந்திருப்பான்.

கணக்குப்_பிள்ளை: முதலில் 1930க்கு அடியுங்கள்.

ராத்திரி_ஷிப்ட்: அது பணம் பறிபோனால் உடனே அழைக்கிற எண். இங்கே பணம் போகவில்லையே. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத்தான் எழுத வேண்டும், 2022 ஏப்ரல் உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள்.

கணக்குப்_பிள்ளை: அது பெரிய கம்பெனிகளுக்கு. சேலை விற்கிறவருக்கு எதற்கு?

ராத்திரி_ஷிப்ட்: உத்தரவில் 'பாடி கார்ப்பரேட்' (நிறுவனம்) என்று இருக்கிறது. ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 43ஏ பிரிவின் விளக்கத்தைப் படியுங்கள், தனியாள் வணிகமும் அதில் அடக்கம்.

கணக்குப்_பிள்ளை: அப்படிப் பார்த்தால் எங்கள் தெரு மாவு மில்லும் டெல்லிக்கு மெயில் போட வேண்டும்.

மேகக்_கோட்டை: இதற்குத்தான் ஷாப்பிஃபை என்பது.

பழைய_சர்வர்: மாதா மாதம் வாடகையை நீங்கள் கட்டுவீர்களா?

சுங்குடி_கடை: அப்லோட்ஸில் இரண்டு .பிஎச்பி இருந்தது. நான் உருவாக்காத அட்மின் ஒன்றும் இருந்தது. எல்லாம் நீக்கி, தீமை மாற்றி, லாகினுக்கு ஓடிபி வைத்தாயிற்று. கூகுளில் இன்னும் ஜப்பான்தான். பார்சல் கட்டப் போகிறேன், நன்றி.

ராத்திரி_ஷிப்ட்: சர்ச் கன்சோல் பார்த்தீர்களா?

ராத்திரி_ஷிப்ட்: அண்ணே?