எம்.எம்.ஏ. ரவுடிகள் விளையாட்டா?

வடசேரிவாசி:
பத்தாம் வகுப்பு முடித்த மகன் எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு) வகுப்பில் சேர்த்துவிடச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் போனில் ஒரு சண்டையை மாமியார் பார்த்துவிட்டார். கீழே கிடப்பவன் மேல் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்துகிறான், இதுக்கெல்லாம் போலீஸ் வராதா என்கிறார். கராத்தே என்றால் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இது நிஜமாகவே ரவுடித்தனமா, இல்லை பெயர் மட்டும்தான் கெட்டுப்போச்சா?

தக்கலைக்காரன்:
பெயர் சும்மா கெடவில்லை அண்ணாச்சி. 1993இல் அமெரிக்காவின் டென்வரில் யு.எஃப்.சி. என்ற எம்.எம்.ஏ. கம்பெனியின் முதல் போட்டி நடந்தபோது எடைப் பிரிவும் இல்லை, புள்ளி போட ஆளும் இல்லை. விதியே கிடையாது என்று சொல்லித்தான் விளம்பரம் செய்தார்கள். ஜான் மெக்கெய்ன் என்ற செனட்டர் இதை மனிதச் சேவல்சண்டை என்று திட்டி, மாநிலம் மாநிலமாகத் தடை கேட்டார். ஆனால் அன்றைக்கு ஜெயித்தது யார்? ஹாய்ஸ் கிரேசி என்ற ஒல்லிப் பிரேசில்காரர், மூன்று பேரையும் தரையில் மடக்கித் தோல்வியை ஒத்துக்கொள்ள வைத்தார். 2000இல் நியூ ஜெர்சி பொது விதிகளைக் கொண்டுவந்தது. தலையால் முட்டக் கூடாது, பிடரியில் அடிக்கக் கூடாது, கீழே கிடப்பவன் தலையில் உதைக்கக் கூடாது. அப்படியும் நியூயார்க் மாநிலம் 2016 வரை அனுமதிக்கவில்லை.

குளச்சல் காத்து:
விதி இருக்கட்டும். 2018இல் மெக்ரிகோர் என்ற யு.எஃப்.சி. வீரர் தள்ளுவண்டியைத் தூக்கி, இன்னொரு வீரர் கபீப் இருந்த பஸ் கண்ணாடி மேல் எறிந்தார், அதே வருஷம் கபீப் அவரை ஜெயித்த கையோடு சண்டைக் கூண்டைத் தாண்டிக் குதித்து மெக்ரிகோரின் ஆட்கள் மேல் பாய்ந்தார். அந்த பஸ் காட்சியையே போட்டு கம்பெனிக்காரன் டிக்கெட் விற்றான். ரவுடித்தனத்தை விற்றுக் காசு பார்த்துவிட்டு, எங்களை ரவுடி என்று சொல்லாதே என்றால் எப்படி?

ஆசான் பேரன், திருவட்டாறு:
குளச்சல்காரர் சொல்வது வியாபாரத்துக்குப் பொருந்தும், பயிற்சிக்குப் பொருந்தாது. எங்கள் தாத்தா அடிமுறை என்ற நம்ம ஊர் தற்காப்புக் கலைக்கு ஆசான், வர்மம் அடித்தால் அதன் பாதிப்பை இளக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பார், அது தெரியாதவனுக்கு அடியே சொல்லித்தர மாட்டார். நான் இப்போது பழகும் இடத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான். கழுத்துப் பிடியில் இருப்பவன் கையால் தட்டினால் அந்த நொடியே விட வேண்டும், அரை நொடி பிந்தி விடுகிறவனோடு அடுத்த நாள் யாரும் ஜோடி சேர மாட்டார்கள். மேலே ஏறிக் குத்துவது பார்க்கக் கொடூரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கீழே இருப்பவன் தடுக்கவில்லை என்றால் நடுவர் பாய்ந்து நிறுத்திவிடுவார். குத்துச்சண்டையில் விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் எழுந்தால் மறுபடி அடி வாங்க விடுகிறார்கள். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் இரண்டையும் ஒப்பிட்டபோது, வெட்டுக் காயமும் வீக்கமும் எம்.எம்.ஏ.வில் அதிகம், நினைவு தப்புவது குத்துச்சண்டையில் அதிகம்.

அதற்காகத் தலையடி நல்லது என்று சொல்ல வரவில்லை. இந்த வயசில் முதல் வருஷம் பிடியும் தள்ளலும் மட்டும் போதும். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், முகத்தில் குத்த விடுகிறீர்களா என்று கோச்சிடம் நேரே கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

குளச்சல் காத்து:
அதோடு, ஆறு மாசக் காசை முன்கூட்டியே கேட்டால் கொடுத்துவிடாதீங்க. ஒரு மாசம் போகட்டும், உடம்பு வலியில் பையனே நின்றாலும் நிற்பான்.