டக்ளஸ் நான்காம் பிரபு: சம்பந்தங்களும் சண்டைகளும்

ஸ்காட்லாந்துப் பிரபுவான டக்ளஸ் நான்காமவரின் வம்சாவளியைப் போடுகிறவர்கள் முதலில் சறுக்குவது பெயரில்தான். 3, 4, 5 என வரிசையாக மூன்று டக்ளஸ் பிரபுக்களுக்கும் ஆர்ச்சிபால்ட் என்றே பெயர். எண்ணை விட்டால் தாத்தா பேரனாகிவிடுவார். 1424 ஆகஸ்ட் 17 அன்று பிரான்சின் வெர்னூயில், பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் நின்று ஆங்கிலேயரோடு போரிட்டு மடிந்தவர் நான்காமவர். இரண்டாம் பிரபு ஜேம்ஸ் 1388இல் ஒட்டர்பர்ன் போரில் முறைப்படியான வாரிசின்றி இறந்ததால்தான் பட்டம் இவருடைய தகப்பன் மூன்றாமவருக்கு வந்தது.

மறுமொழி:
போர்களை மட்டும் படித்தால் பாதிதான் புரியும், கல்யாணங்களையும் பாருங்கள். மார்ச் பிரபு ஜார்ஜ் டன்பார் தன் பெண்ணுக்குப் பேசி வைத்திருந்த பட்டத்து இளவரசர் டேவிட்டுக்கு மூன்றாம் டக்ளஸ் தன் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். டன்பார் கோபித்துக்கொண்டு இங்கிலாந்துப் பக்கம் போனார். விளைவு 1402 செப்டம்பர் 14, ஆங்கிலேயரோடு ஹோமில்டன் குன்றுப் போர். ஆங்கிலத் தளபதி ஹாட்ஸ்பர் பெர்சி குதிரையோடு பாயத் துடித்தபோது, நில்லுங்கள், வில்லாளிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று தடுத்தவர் இதே டன்பார். சரிவில் நெருக்கியடித்து நின்ற ஸ்காட்லாந்துக்காரர்கள் அம்புக்கு இரையானார்கள். நம்மவர் நான்காம் டக்ளஸுக்கு ஒரு கண் போயிற்று, சிறையும் பிடிக்கப்பட்டார்.

மறுமொழி:
அந்த இளவரசர் டேவிட் இவருக்கு இரண்டு வழியிலும் மைத்துனர்: தங்கை வீட்டுக்காரர், மனைவி மார்கரெட்டின் உடன்பிறந்தவர். 1402இல் ஃபாக்லண்டில் காவலில் அவர் இறந்தபோது பழி அவருடைய சித்தப்பா ஆல்பனி கோமகன் மீதும் இவர் மீதும் விழுந்தது. இறைச்சித்தத்தால் நேர்ந்த சாவு என்று மன்றம் இருவரையும் விடுவித்தது. நம்புவது அவரவர் பாடு!

மறுமொழி:
வெர்னூயைப் பற்றி. ஹோமில்டனைப் போலவே இங்கும் அம்புதான் வென்றது, நான்காம் டக்ளஸையும் அம்பு கொன்றது என்று சிலர் எழுதுவது தவறு. கோடையில் இறுகிக் கிடந்த நிலத்தில் ஆங்கில வில்லாளிகளால் குதிரைகளைத் தடுக்கும் கூர்முனைக் கழிகளைச் சரியாக ஊன்ற முடியவில்லை. பிரெஞ்சுப் பக்கம் வந்திருந்த இத்தாலியின் லொம்பார்டிக் கவசக் குதிரைப்படை அந்த அணியைப் பிளந்துகொண்டு போனது. போனது போனதுதான், திரும்பி முதுகில் தாக்காமல் பின்னாலிருந்த சாமான் வண்டிகளைக் கொள்ளையடிக்கப் போய்விட்டது. அதற்குள் ஆங்கிலப் படைத்தலைவர் பெட்ஃபர்ட் கோமகனின் காலாட்கள் எதிரே நின்ற பிரெஞ்சு அணியை உடைத்து நகரின் அகழிவரை துரத்திவிட்டுத் திரும்பி வந்தார்கள். முன்னால் இன்னோர் ஆங்கிலத் தளபதி சாலிஸ்பரி, பின்னால் பெட்ஃபர்ட், நடுவில் ஸ்காட்லாந்துப் படை. யாரையும் உயிரோடு பிடிக்கமாட்டோம் என்று முன்பே அறிவித்தவர்களும் ஸ்காட்லாந்துக்காரர்கள்தான், அதனால் அவர்களுக்கும் உயிர்ப்பிச்சை கிடைக்கவில்லை. டக்ளஸோடு இரண்டாம் மகன் ஜேம்ஸும், மகள் எலிசபெத்தின் கணவர் பக்கன் பிரபு ஜான் ஸ்டூவர்ட்டும் ஒரே நாளில் செத்தார்கள். டக்ளஸ் உடல் தூர் நகரப் பேராலயத்தில் அடக்கமானது.

மறுமொழி:
மூத்த மகன் ஐந்தாமவர் 1439இல் காய்ச்சலில் போனார். மறு ஆண்டே அவருடைய பிள்ளைகள் வில்லியம், டேவிட் இருவரையும் எடின்பரோ கோட்டைக்கு விருந்துக்கு அழைத்துத் தலையை வெட்டினார்கள். ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் போகிறவர்கள் லிங்க்ளூடனில் நான்காமவரின் மனைவி மார்கரெட்டின் கல்லறையைப் பாருங்கள். முன்பக்கக் கேடயச் சின்னங்களில் இதயம் இருப்பது டக்ளஸுடையது. லத்தீன் வரிகளில் அரசன் மகள், டக்ளஸ் சீமாட்டி, காலோவே, அனண்டேல் சீமைகளின் பெயர் எல்லாம் உண்டு. வெர்னூய்க்கு நாலு மாதம் முன்பு கணவருக்குக் கிடைத்த பிரான்சின் தூரேன் கோமகன் பட்டம் மட்டும் அதில் இல்லை. அந்தச் சீமையைப் பிரெஞ்சு அரசர் அதே ஆண்டில் அஞ்சூ கோமகன் லூயிக்குக் கொடுத்துவிட்டார்.